கொக்கி டெக்கைத் தொடும் முன்: மும்பைக் கடலில் ஹெலிகாப்டர் மருத்துவ மீட்பு

நடுக்கடலில் இருந்து நோயாளியை ஹெலிகாப்டரில் தூக்கி வந்த செய்தி வந்தால் எல்லார் கண்ணும் மேலேதான் போகும். பைலட்டைப் பாராட்டுவோம், அது நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில் கீழே டெக்கில் நின்று கயிற்றைப் பிடித்தவர்கள் யார்? மும்பைக்கு மேற்கே அது பெரும்பாலும் நம் ஆட்களாகத்தான் இருக்கும். பாம்பே ஹை எண்ணெய் வயலின் பார்ஜுகளில் பாரம் தூக்கிக் கட்டும் ரிக்கராகவும் வெல்டராகவும் சமையல் ஆளாகவும் இருப்பவர்கள், நவி மும்பை நெருலில் அறை எடுத்துத் தங்கி கோர்ஸ் முடித்துக் கப்பலேறிய தூத்துக்குடி, ராமநாதபுரம் பையன்கள், வாரக்கணக்கில் தங்கல் போகும் தூத்தூர், வள்ளவிளை படகுக்காரர்கள். ஜூஹு ஹெலிகாப்டர் தளத்திலும் கடலிலும் இந்த வேலையோடு புழங்குகிறவர்கள் அவர்களுக்காகச் சேர்ந்து எழுதிவைக்கும் குறிப்பு இது.

நோயாளி கரை சேர்வதும் சேராததும் பாதிக்குமேல் கப்பலிலேயே முடிவாகிவிடுகிறது. எப்போது கூப்பிட்டார்கள், எந்தத் திசையில் கப்பலைத் திருப்பினார்கள், டெக்கை எப்படி ஒதுக்கினார்கள் என்பதில்தான் இருக்கிறது விஷயம். பைலட் அங்கே வந்து நிற்கும்போது அவர் கையில் இருப்பவை எண்ணி எடுத்துவந்த நிமிடங்கள்.

2023 ஆகஸ்ட் 16 இரவு நடந்ததைப் பாருங்கள். சீனாவிலிருந்து அமீரகம் போய்க்கொண்டிருந்த ‘டோங் ஃபாங் கான் டான் நம்பர் 2’ என்ற பனாமா கொடி ஆராய்ச்சிக் கப்பலில் ஊழியர் ஒருவருக்கு மாரடைப்பு. மும்பையில் உள்ள எம்ஆர்சிசிக்கு, அதாவது கடலோரக் காவல்படையின் கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கு, தகவல் வந்தது. கப்பல் இருந்த இடம் அரபிக்கடலில் சுமார் 200 கி.மீ. தூரத்தில். மழைக்கால இரவு, மோசமான வானிலை. ஏஎல்ஹெச் மார்க்-3 ஹெலிகாப்டர் போய் அவரைத் தூக்கி, முதலுதவி கொடுத்துக் கரை சேர்த்தது.

அந்தத் தூரத்தையே வைத்து ஒரு கணக்குப் போடுவோம். 200 கி.மீ. என்றால் 108 நாட்டிகல் மைல். ஹெலிகாப்டரின் வேகம் 130 நாட், அதாவது மணிக்கு 130 நாட்டிகல் மைல் என்று வையுங்கள். மழைக்காலக் கச்சான் காற்று 30 நாட் எதிரே அடித்தால் கடல்மேல் உண்மையான வேகம் 100 நாட்தான். போக 65 நிமிடம். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும், 160 நாட், 40 நிமிடம். தொடக்கூடாத ரிசர்வ் 30 நிமிடம். மொத்தம் மூன்று மணி நேர எரிபொருள் என்றால் கப்பலின் மேல் மிச்சம் இருப்பது 45 நிமிடம். கப்பலைத் தேடிக் கண்டுபிடிப்பது, ஒரு சுற்று சுற்றிக் கம்பங்களைப் பார்த்துக்கொள்வது, கேப்டனோடு பேசுவது, மீட்பு டைவரைக் கம்பியில் இறக்குவது, நோயாளியைக் கட்டுவது, தூக்குவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். டெக்கில் தார்ப்பாய் கட்டவில்லை, ஸ்ட்ரெச்சர் இன்னும் கீழே கேபினில் இருக்கிறது என்றால் 15 நிமிடம் பறந்துவிடும். அதுவும் நோயாளியின் நிமிடம்.

இப்போது அதே கப்பல், ஹெலிகாப்டர் கிளம்புவதற்கு முன்பே கரைப்பக்கம் திரும்பி 12 நாட்டில் இரண்டு மணி நேரம் ஓடியிருந்தால்? தூரம் 84 நாட்டிகல் மைலாகக் குறையும். போக 50, வர 32 நிமிடம். கப்பல்மேல் நிற்க 68 நிமிடம் கிடைக்கும். செலவில்லாமல் 23 நிமிட லாபம். “மெடிவாக் (ஹெலிகாப்டர் மருத்துவ மீட்பு) வேண்டுமா வேண்டாமா என்று கம்பெனி முடிவு செய்யட்டும், அதுவரை ரூட்டிலேயே போவோம்” என்று நேரத்தைக் கடத்தும் கேப்டன்கள் உண்டு. முடிவு எதுவானாலும் திரும்பிவிட்டுப் பேசலாம். தேவையில்லை என்று ஆனால் மறுபடி திருப்பிக்கொள்வதில் போவது கொஞ்சம் எண்ணெய் மட்டும்.

கூப்பிடுவது

கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554. கைப்பேசியில் சிக்னல் இருக்கும் தூரம் வரைதான் அது உதவும், அதாவது கரையோரம் மட்டும். வெளியே போனால் விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சேனல், டிஎஸ்சி (பொத்தானை அழுத்தினால் அபாயச் செய்தி போகும்) வசதியுள்ள செட்டில் சேனல் 70, கப்பல்களில் இன்மார்சாட் செயற்கைக்கோள் தொடர்பு. இந்தியாவில் மும்பை, சென்னை, போர்ட் பிளேர் என்று மூன்று எம்ஆர்சிசிகள். மேற்குக் கடலில் இருந்தால் மும்பை. சொந்த ஊர் கன்னியாகுமரி என்பதற்காகச் சென்னைக்குப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். அவர்களும் மும்பைக்குத்தான் தள்ளுவார்கள், நடுவில் நேரம் போகும்.

படகுகளில் நடக்கும் பெரிய தாமதம் இதுதான்: படகை ஓட்டும் ஸ்ராங்கு தன் ஊர்ப் படகுகளோடு பேசும் சேனலிலேயே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். பத்துப் படகுக்குத் தெரியும், அதிகாரத்தில் உள்ள ஒருவருக்கும் தெரியாது. 16-க்கு வாருங்கள். விஎச்எஃப் எட்டும் தூரம் படகுக்குப் படகு அதிகம் போனால் 15, 20 நாட்டிகல் மைல்தான். கரை கேட்காது. ஆனால் மும்பை வழியாகப் போகும் சரக்குக் கப்பல்களில் ஏதாவது ஒன்று கேட்கும். “பான் பான், பான் பான், பான் பான்” என்று தொடங்கி, படகின் பெயர், இடம், ‘மெடிக்கல் எமர்ஜென்சி’ என்று சொல்லுங்கள். மும்பை எம்ஆர்சிசிக்கு ரிலே பண்ணச் சொல்லுங்கள். உயிர் உடனே போகும் நிலை என்றால் ‘மேடே’. இஸ்ரோவின் டேட் என்ற அபாய எச்சரிக்கைக் கருவி இருந்தால் அதையும் அழுத்துங்கள். அந்த சிக்னல் செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரு போய் அங்கிருந்து எம்ஆர்சிசிக்கு வரும். ஆளுக்கு என்ன ஆயிற்று என்ற விவரம் அதில் போகாது. அதனால் அதை அழுத்திவிட்டு ரேடியோவை வைத்துவிட வேண்டாம்.

இடம் சொல்வதில் வரும் பிழை பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எரிபொருளைத் தின்னும். ஜிபிஎஸ் திரையில் 18 டிகிரி 45.5 நிமிடம் என்று இருப்பதைச் சிலர் அவசரத்தில் “எய்ட்டீன் பாயின்ட் ஃபோர் ஃபைவ் ஃபைவ்” என்று சொல்லிவிடுவார்கள். கேட்பவர் அதை 18.455 டிகிரி என்று எழுதினால் அது 18 டிகிரி 27.3 நிமிடம். வித்தியாசம் 18.2 நாட்டிகல் மைல், கிட்டத்தட்ட 34 கி.மீ. தெற்கே போய் ஹெலிகாப்டர் வெறும் கடலைத் தேடிக்கொண்டிருக்கும். நிமிடத்தின் தசமத்தை விநாடி என்று நினைத்துச் சொன்னால் பிழை சிறிது, சில நூறு மீட்டர். மேகம் தாழ்ந்த மழையில் அதுவே போதும், கப்பலைத் தவறவிட. ‘டிகிரி’, ‘மினிட்’ என்ற சொற்களைச் சேர்த்து, ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி, எதிரே இருப்பவர் திருப்பிச் சொல்லும்வரை விடாதீர்கள்.

அடுத்து எம்ஆர்சிசியில் கேட்பவை: கப்பல் போகும் திசை, வேகம், காற்று எங்கிருந்து எவ்வளவு, அலை, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது, மேகம் எவ்வளவு தாழ்வு. கப்பலின் நீளம், கிரேன் எங்கே, கம்பம் எங்கே. ஹல்லின், அதாவது கப்பல் உடம்பின் நிறம். இதைப் பலர் வேடிக்கையாக நினைக்கிறார்கள். மும்பை நங்கூரப் பகுதியில் நிற்கும் கப்பல்களை மேலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ‘சிவப்பு ஹல், வெள்ளை அக்கமடேஷன், மஞ்சள் கிரேன் இரண்டு’ என்ற ஒரு வரி எவ்வளவு உதவும் என்று. நோயாளியின் எடையும் வேண்டும், நடப்பாரா, படுத்தபடிதானா என்பதும் வேண்டும். இந்தி வராத படகுக்காரர்கள் ‘சீனே மேம் தர்த்’ (நெஞ்சுவலி), ‘பேஹோஷ்’ (நினைவில்லை), ‘ஸாஸ் நஹீ லே பா ரஹா’ (மூச்சுவிட முடியவில்லை) போன்ற பத்து வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வீல்ஹவுஸ் சுவரில் ஒட்டிவைத்தால் போதும். அந்த நேரத்தில் வாயில் வராது.

காற்றும் கப்பலும்

ஹெலிகாப்டருக்கு மோசமான வானிலை என்றால் காற்று என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். உண்மையில் சீரான 25 நாட் எதிர்காற்று பைலட்டுக்குப் பிடித்த சமாசாரம். இறக்கைக்குள் காற்று தானாகப் பாயும், அந்தரத்தில் நிற்க எஞ்சின் சக்தி குறைவாகப் போதும். காற்றே இல்லாத புழுக்கமான மே மாத மதியத்தில், முழு எடையோடு நிற்பதுதான் சிரமம். அவரை உண்மையில் பயமுறுத்துபவை வேறு: திடீரென்று திசை மாறும் ஸ்குவால் சூறைக்காற்று, 300, 400 அடிக்கு இறங்கிவிட்ட மேகம், அடிவானமே தெரியாத இருட்டு, உருண்டு ஆடும் கப்பல்.

பெரும்பாலான மீட்பு ஹெலிகாப்டர்களில் ஆளைத் தூக்கும் கம்பி உருளையான வின்ச் வலப்பக்கம். தூக்கும்போது ஹெலிகாப்டரின் மூக்கு காற்றைப் பார்த்து இருக்க வேண்டும், கப்பல் பைலட்டின் வலது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இதனால்தான் பின்டெக்கில் தூக்குவதென்றால் காற்று கப்பலின் இடது முன்புறம் 30 டிகிரியில் வரும்படி கேட்கிறார்கள். நடுடெக் என்றாலும் ஏறக்குறைய அதே, அல்லது பக்கவாட்டில். முன்டெக்கில் தூக்குவதென்றால் வலது பின்புறம் 30 டிகிரி. மழைக்காலத்தில் தென்மேற்கே, அதாவது 225 டிகிரியிலிருந்து காற்று அடிக்கிறது, பின்டெக்கில் வேலை என்றால் கப்பலின் ஹெட்டிங், அதாவது மூக்கு பார்க்கும் திசை, 255. கரைக்கு ஓடிவந்த கப்பல் இந்த இடத்தில் கிட்டத்தட்ட முழுக்கத் திரும்ப வேண்டியிருக்கும். ஹெலிகாப்டர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே திரும்பி, நிலைத்து, டெக்கில் புகைபோக்கிப் புகை விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்த ஹெட்டிங்கில் கப்பல் மிதமிஞ்சி உருண்டால் அதைப் பைலட்டிடம் சொல்லுங்கள். ஐந்து, பத்து டிகிரி விட்டுக்கொடுப்பார். உருளலில் கம்ப உச்சி ஆடும் தூரம்தான் அவருக்கு முக்கியம். தூக்கத் தொடங்கியபின் அவருக்குச் சொல்லாமல் ஒரு டிகிரிகூடத் திருப்பக் கூடாது.

எஞ்சினை நிறுத்திவிட்டு மிதப்பது உதவி என்று நினைக்கிறவர்கள் உண்டு. தவறு. நின்ற கப்பல் அலைக்குப் பக்கம் காட்டித் திரும்பிவிடும், கூடவே உருளும். நாலைந்து நாட்டில் சீராக ஓடும் கப்பல்தான் பைலட்டுக்குப் பிடிமானம்.

டெக்

தூக்கும் இடத்தில் குறைந்தது 5 மீட்டர் விட்டத்துக்கு ஒன்றும் இருக்கக் கூடாது. அதைச் சுற்றி இன்னும் அகலமாகக் கம்பம், ஏரியல் கம்பி, கொடிக்கயிறு, டெரிக் இல்லாத இடம் வேண்டும். கழற்ற முடிந்த எல்லாக் கம்பியையும் கழற்றுங்கள், முடியாததைப் பைலட்டிடம் சொல்லுங்கள். மெல்லிய கம்பி மேலிருந்து கண்ணுக்கே தெரியாது.

சுழலியின் கீழ்க்காற்று எதையெல்லாம் தூக்கும் என்று டெக்கில் நிற்பவர்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். தார்ப்பாய், பாலிதீன், காலி பெயின்ட் டப்பா, மாப்பு, கேன்வாஸ், தெர்மோகோல், ஒருவர் தலையில் இருந்த தொப்பி. இவற்றில் ஒன்று எஞ்சின் வாய்க்குள் போனால் மேலே இருக்கும் அத்தனை பேரும் கீழே வருவார்கள். கட்டிவைப்பதைவிட உள்ளே கொண்டுபோய்விடுவது மேல். ஹெல்மெட் போட்டால் தாடைப்பட்டை இறுக்கமாக இருக்கட்டும், இல்லையென்றால் கழற்றி உள்ளே வையுங்கள்.

தீயணைப்புக் குழல்கள் தண்ணீரோடு தயாராக, முனை ஹெலிகாப்டரைப் பார்க்காமல் வெளிப்பக்கம். நுரை இருந்தால் அதுவும். பெரிய கப்பலில் ரெஸ்க்யூ போட் இறக்கத் தயார் நிலையில். கடப்பாரை, போல்ட் கட்டர், கோடாரி ஒரு பெட்டியில் கைக்கெட்டும் தூரத்தில். டேங்கராக இருந்தால் சரக்கு வேலையை நிறுத்தி, வென்ட்டில் வாயு வெளிவராதபடி முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். எச்எஃப் ரேடியோவில் டிரான்ஸ்மிட் பண்ணக் கூடாது.

இரவில் டெக் விளக்குகள் கீழே பார்க்க வேண்டும். கம்ப உச்சிகளுக்கும் வெளிச்சம் காட்டுங்கள். ஹெலிகாப்டர் மேல் டார்ச்சோ சர்ச்லைட்டோ அடிக்கவே கூடாது. பைலட்டின் கண் இருட்டுக்குப் பழகியிருக்கும், ஒரு வெளிச்சம் பட்டால் அது பழைய நிலைக்கு வர நிமிடங்கள் ஆகும். கைப்பேசியில் வீடியோ எடுக்கும் தம்பிமாருக்கும் இதுதான்: ஃபிளாஷ் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இன்னும் நல்லது கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு வருவது.

டெக்கில் பேசுகிறவர் ஒருவர், அவர் கையில் ஒரு ரேடியோ. சத்தத்தில் அதுவும் கேட்காது என்பதால் கைச்சைகை வேண்டும். இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் உயர்த்திக் கட்டைவிரலை மேலே காட்டினால் ‘தூக்கலாம்’. கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, முஷ்டி மடக்கி, கட்டைவிரலைக் கீழே காட்டினால் ‘தூக்காதே’. இந்த இரண்டை மட்டும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

கொக்கியும் ஹை-லைனும்

காற்றில் சுழலும் இறக்கைகள் ஹெலிகாப்டரின் உடம்பில் மின்னேற்றத்தைச் சேர்த்துவிடும். வின்ச் கம்பி வழியே அது கொக்கிக்கு வரும். ஆயிரக்கணக்கான வோல்ட். ஆள் சாகாவிட்டாலும் தூக்கி எறிவது நிச்சயம், ஈர டெக்கில் விளிம்புக்குப் பக்கத்தில் நின்றால் அது போதும். கொக்கி, ஸ்ட்ரெச்சர், டைவர், எது இறங்கினாலும் முதலில் கடலையோ டெக்கையோ தொடட்டும். அதன்பின் கை வையுங்கள்.

கடல் கொந்தளிக்கும்போது நேராக டைவரை இறக்காமல் முதலில் ஒரு மெல்லிய கயிற்றை இறக்குவார்கள். இதுதான் ஹை-லைன். நுனியில் எடைப்பை இருக்கும், மேல்முனையில் ஒரு வலுக்குறைந்த இணைப்பு, அளவுக்கு மீறி இழுத்தால் அதுவே அறுந்துவிடும். இந்தக் கயிற்றுக்கு டெக்கில் இரண்டு பேர் வேண்டும், கையுறையோடு. ஒருவர் தளர்வை இழுத்துப் பிடிக்க வேண்டும், மற்றவர் மிச்சக் கயிற்றை வாளிக்குள் சுருட்டிப் போட வேண்டும். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, காலடியில் சுருளாக விடக் கூடாது. டைவரோ ஸ்ட்ரெச்சரோ இறங்கும்போது மெதுவாக உள்ளே இழுங்கள், மேலே போகும்போது ஆடாதபடி சன்ன இறுக்கத்தோடு விட்டுக்கொடுங்கள்.

கயிற்றையோ வின்ச் கம்பியையோ ரெயிலிலோ வடம் கட்டும் பிட்டிலோ ஒரு சுற்றுகூடச் சுற்றக் கூடாது. கப்பல் ஆடுகிறதே, நழுவிவிடுமே என்ற எண்ணத்தில், வடம் கட்டிப் பழகிய டெக் தலைவர்களான போசன்களுக்குக் கை தானாக அந்தப் பக்கம் போகும். கப்பலோடு கட்டப்பட்ட ஹெலிகாப்டர் அடுத்த அலையில் கீழே இழுபடும். மேலே வின்ச்மேன் கையருகில் கம்பியை வெட்டும் வெடிப்பொறி ஒன்று உண்டு. சிக்கியது என்று தெரிந்த நொடியில் அவர் வெட்டிவிடுவார், வெட்டத்தான் வேண்டும். அதன்பின் அந்த ஹெலிகாப்டரில் தூக்குவதற்குக் கம்பி இல்லை, நோயாளி கப்பலிலேயே இருப்பார்.

இரண்டு எஞ்சின் இருந்தும் ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்கலாம். ஒரு எஞ்சின் போனால், ஆட்களும் எரிபொருளும் நிறைந்த எடையில், பல ஹெலிகாப்டர்களால் ஒரே இடத்தில் நிற்க முடியாது. மூக்கைத் தாழ்த்தி, வேகம் எடுத்து, முன்னால் பறந்து தப்ப வேண்டும். அதற்கு வழி திறந்திருக்க வேண்டும், கம்பி எதிலும் மாட்டியிருக்கக் கூடாது. பைலட் ஏன் கப்பலுக்கு இடப்பக்கம் திறந்த கடலை ஒட்டியே நிற்கிறார், ஏன் கம்பங்களுக்கு நடுவில் வர மறுக்கிறார் என்பதற்கு இதுதான் காரணம். உப்பும் சேர்ந்துகொள்ளும். தாழ நின்றால் கிளம்பும் நீர்த்தூவல் எஞ்சின் கம்ப்ரெஸரில் உப்பாகப் படிந்து சக்தியைக் குறைக்கும். திரும்பி வந்ததும் நன்னீரில் கம்ப்ரெஸரைக் கழுவாமல் அந்த ஹெலிகாப்டர் மறுபடி கிளம்பாது.

கொக்கி இறங்கும் நேரத்தில் பைலட்டுக்குத் தன் நேர் கீழே நடப்பது தெரியாது. கதவோரம் படுத்தபடி வின்ச்மேன் சொல்வதைக் காதில் வாங்கித்தான் நகர்த்துகிறார். “ஃபார்வர்ட் ஃபைவ்… ஃபோர்… த்ரீ… ரைட் டூ… ஸ்டெடி… ஸ்டெடி… மேன் ஆன் டெக்.” அந்தக் குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது, எண் குறையும் வேகம்தான் ஹெலிகாப்டர் நகரும் வேகம். பைலட் கப்பலில் ஏதாவது ஒரு மூலையை, ஹாட்ச் விளிம்பையோ கிரேன் தூணையோ, கண்ணில் பிடித்துக்கொண்டு நிற்பார். கப்பல் உருளும் ஒவ்வொரு முறையும் துரத்தினால் ஹெலிகாப்டரும் ஆடத் தொடங்கும். அதனால் சராசரியில் நிற்பார். பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவில் கொஞ்சம் அடங்கும். ஸ்ட்ரெச்சரைத் தூக்க அந்த அடக்கத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள். கீழே இருந்து பார்ப்பவருக்கு “என்ன சும்மா நிற்கிறார்கள்” என்று தோன்றும்.

இரவில் இன்னொரு ஆபத்து சேரும். கடலும் வானமும் ஒரே கறுப்பு. வேகம் எடுக்கும்போது மூக்கு மேலே போவதுபோல் உள்காது பொய் சொல்லும். அதை நம்பிக் கீழே அழுத்தினால் கடல்தான். ரேடியோ ஆல்டிமீட்டரையும் கருவிகளையும் மட்டும் நம்பிப் பறக்க வேண்டும். 2024 செப்டம்பர் 2 இரவு போர்பந்தருக்கு அப்பால், ‘ஹரி லீலா’ டேங்கரில் காயம்பட்ட ஒருவரை எடுக்கப் போன கடலோரக் காவல்படை ஏஎல்ஹெச் கடலில் விழுந்தது. நான்கு பேரில் ஒருவர்தான் பிழைத்தார். நோயாளி ஒருவருக்காக நான்கு பேர் புறப்படுகிறார்கள். காலைவரை பொறுக்கும் கேஸை இரவில் கேட்காதீர்கள் என்று எம்ஆர்சிசியில் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

விசைப்படகு என்றால்

மேலே சொன்னவை கப்பலுக்கு. 20 மீட்டர் விசைப்படகில் பாதி பொருந்தாது. வீல்ஹவுஸ், கம்பம், ஸ்டே கம்பிகள், பூம், கம்பத்தின் உச்சிவரை வண்ணக் கொடிகளும் சீரியல் பல்பும். ஐஸ் அறைமேல் தார்ப்பாய், அடுக்கிய பிளாஸ்டிக் கூடை, குடிதண்ணீர்க் கேன், வலைக் குவியல். கீழ்க்காற்றில் வலை எழுந்து சுழலியை நோக்கிப் போவதைவிடக் கெட்டது வேறில்லை. வலையை அறைக்குள் தள்ளி மேலே கனத்தைப் போடுங்கள். கொடிகளை அவிழ்த்துவிடுங்கள், மாதாவும் பத்திரகாளியும் கோபிக்க மாட்டார்கள்.

பல படகுகளில் எவ்வளவு ஒதுக்கினாலும் தூக்க இடம் வராது. நடக்கக்கூடிய ஆள், நீந்தும் தெம்புள்ளவர் என்றால் பின்னால் கயிற்றில் விட்ட ராஃப்டிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ டைவர் எடுப்பார். மாரடைப்பு, தலைக்காயம், முதுகெலும்பு அடி என்றால் அது நடக்காது. அப்போது அருகில் உள்ள பெரிய கப்பலையோ காவல்படைக் கப்பலையோ நோக்கி ஓடுவதுதான் வழி. எது பக்கம் என்று எம்ஆர்சிசி சொல்லும். “ஹெலிகாப்டர் அனுப்புங்க சார்” என்று மட்டும் அடம்பிடித்து ஒரே இடத்தில் நிற்கும் படகு நேரத்தை இழக்கிறது.

நோயாளி

ரேடியோவில் மருத்துவர் கேட்கப்போவது: வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, நாடி, ரத்த அழுத்தம், வியர்வை, சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எதற்கு அலர்ஜி. நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின் 300 மில்லிகிராமை மெல்லச் சொல்வது வழக்கம், ஆனால் மருத்துவர் சொன்னபின். பக்கவாதமாக இருந்து மூளையில் ரத்தக்கசிவு என்றால் அதே மாத்திரை கொல்லும். கொடுத்ததை எல்லாம் நேரத்தோடு எழுதி, பாஸ்போர்ட், கடலோடிப் பதிவுப் புத்தகமான சிடிசியோடு தண்ணீர் புகாத உறையில் போட்டு நோயாளியின் உடம்போடு கட்டுங்கள். பெட்டி, பை எதுவும் வராது. அறுவை சிகிச்சை வரலாம் என்றால் சாப்பாடும் டீயும் கொடுக்காதீர்கள். அன்பில் கொடுத்துவிடுகிறார்கள், மேலே போனதும் வாந்தி, படுத்திருப்பவருக்கு அது மூச்சுக்குழலில் போகும்.

காயம் இடம் கொடுத்தால் லைஃப் ஜாக்கெட் போட்டு, காதை மூடி, கண்ணுக்கும் மறைப்பு கொடுத்துக் கட்டுங்கள். கப்பலின் ஸ்ட்ரெச்சரை நீங்களாகக் கொக்கியில் மாட்ட வேண்டாம். அவர்கள் தங்களுடையதை இறக்குவார்கள், எதில் வைத்துத் தூக்குவது என்று டைவர் சொல்வார். வழக்கமான வின்ச் 270 கிலோ அளவு தாங்கும், ஆளும் டைவரும் ஸ்ட்ரெச்சரும் சேர்ந்தாலும் அது போதும். கடலில் வெகுநேரம் கிடந்தவரை நிமிர்த்தித் தூக்கினால் ரத்த அழுத்தம் விழுந்து, காப்பாற்றிய நிமிடத்திலேயே இதயம் நின்றுவிடலாம். இரண்டு பட்டை போட்டுக் கிடைமட்டமாகத் தூக்குவதற்கு அதுவே காரணம். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தவர் உடம்பில் வாயுக் குமிழ் சேரும் டைவிங் பெண்ட்ஸ் கேஸில் ஹெலிகாப்டர் 300 மீட்டருக்குக் கீழேயே பறக்க வேண்டும். டைவிங் கப்பலில் அழுத்த சேம்பர் இருந்தால் பெரும்பாலும் அங்கேயே வைத்திருப்பதுதான் நல்லது.

பறக்க முடியாத நாள்

2005 ஜூலை 26 மும்பையில் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. மறுநாள் பாம்பே ஹை வடக்குப் பக்கம் ‘சமுத்ர சுரக்ஷா’ கப்பலில் சமையல்காரருக்கு விரல்நுனிகள் வெட்டுப்பட்டன. மழையில் ஹெலிகாப்டர் பறக்கவில்லை. எண்ணெய் பிளாட்ஃபாரத்தில் மருத்துவ வசதி இருந்ததால் கிரேன் கூடையில் ஆளை மாற்றக் கப்பலை அருகில் கொண்டுபோனார்கள். கொந்தளிப்பில் கப்பலின் ஹெலிடெக் பிளாட்ஃபாரத்தின் ரைசர் குழாயில், அதாவது கடலடியிலிருந்து மேலே வரும் எண்ணெய்-வாயுக் குழாயில், இடித்தது. வாயு கசிந்து பற்றியது. இரண்டு மணி நேரத்துக்குள் பிளாட்ஃபாரமே சரிந்தது. 384 பேரில் 22 பேர் போய்விட்டார்கள்.

2021 மே 17, டவ்தே புயலில் பி-305 பார்ஜ் மூழ்கியபோதும் முதல் இரவு வேலை செய்தவை ஐஎன்எஸ் கொச்சி போன்ற கப்பல்கள். பார்ஜில் இருந்த 261 பேரில் 186 பேர் உயிரோடு மீண்டார்கள்.

ஹெலிகாப்டர் இல்லாத அந்த இடைவெளியில் வேறொரு ஆபத்தான மாற்றுவழியைக் கண்டுபிடிக்க எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். உயிர் போகாத காயம் என்றால் விடுங்கள். விரல் துண்டானால் காயத்தை அழுத்திக் கட்டி, கையை உயர்த்தி வையுங்கள். துண்டைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். துண்டு நேராக ஐஸில் பட்டால் திசு செத்துவிடும். இப்படிக் குளிரில் வைத்த விரல் பல மணி நேரம் தாங்கும், அதற்குள் கப்பல் எவ்வளவு தூரம் கரைக்கு வரமுடியும் என்று பாருங்கள். உயிர் போகும் கேஸ் என்றால் மருத்துவரை ரேடியோவிலேயே நிறுத்திவைத்து, மும்பை நோக்கி முழு வேகத்தில் ஓடிக்கொண்டே மணிக்கு ஒருமுறை புது இடத்தையும் மேகத்தின் உயரத்தையும் எம்ஆர்சிசிக்குச் சொல்லிக்கொண்டிருங்கள். மேகம் அரை மணி நேரம் விலகினாலும் அவர்கள் கிளம்பிவிடுவார்கள், அப்போது உங்கள் டெக் தயாராக இருக்கட்டும்.